கண்ட நகர்வும் புவியின் உள்ளமைப்பும்: ஆசிரியர் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

முதலில் மூன்று வரையறைகள்

• கண்ட நகர்வு: ஒரே நிலத்தொகுதியாக இருந்த கண்டங்கள் பிரிந்து இன்றைய இடங்களுக்கு நகர்ந்தன என்னும் கொள்கை. ஆண்டு 1912. பெயர் ஆல்ஃபிரட் வெக்னர்.
• கடல்தரை விரிவு: நடுக்கடல் மலைத்தொடரின் பிளவு வழியே பாறைக்குழம்பு வெளிவந்து, புதிய கடல்தரை உருவாகி இருபுறமும் விலகுதல். ஆண்டு 1960–62. பெயர் ஹாரி ஹெஸ்.
• புவித்தட்டுக் கொள்கை: பாறைக்கோளம் பல தட்டுகளாக உடைந்து, மென்பாறைக் கோளத்தின் மேல் நகர்கிறது என்னும் கொள்கை. ஆண்டு 1967–68. பெயர்கள் மெக்கென்சி, பார்க்கர், மார்கன், லெ பிஷோன்.
• மூன்றும் ஒன்றல்ல. வெக்னரிடம் நகர்வது கண்டம் மட்டும். தட்டுக் கொள்கையில் கண்டமும் கடல்தரையும் ஒரே பலகையாக. ‘வெக்னரின் புவித்தட்டுக் கொள்கை’ என்று எந்தக் கையேட்டில் இருந்தாலும் பிழை.

வெக்னருக்கு முன்

• 1596 – ஆபிரகாம் ஆர்டீலியஸ். வரைபடக் கலைஞர். அமெரிக்கா ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிய்க்கப்பட்டது என்ற முதல் எழுத்துப் பதிவு. முதல் நவீன நிலவரைபட நூலின் (1570) ஆசிரியரும் இவரே.
• 1858 – அன்டோனியோ ஸ்னைடர் பெல்லெக்ரினி. கண்டங்கள் ஒட்டியிருந்த நிலை, பிரிந்த நிலை என இரு வரைபடங்கள். வெளியீடு பாரிஸ்.
• 1864 – பிலிப் ஸ்க்ளேட்டர். ‘லெமூரியா’ என்ற சொல். (விரிவு பின்னால்.)
• 1872 – ஹென்றி மெட்லிகாட். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். ‘கோண்டுவானா’ என்ற சொல். மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடியினரின் நிலப்பெயரிலிருந்து. 1876-இல் அச்சில் முதலில் பயன்படுத்தியவர் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல்.
• 1885 – எட்வர்ட் சூயஸ், ஆஸ்திரியா. ‘கோண்டுவானா நிலம்’ என்ற பெருங்கண்டக் கருத்து. 1893-இல் ‘டெதிஸ்’ கடல் என்ற பெயரும் இவருடையதே.
• 1908 – ஃபிராங்க் டெய்லர், அமெரிக்கா. கண்டங்கள் நகர்ந்து மலைகள் மடிந்தன என்ற உரை, அச்சில் 1910.

வெக்னர்

• பிறப்பு: 1 நவம்பர் 1880, பெர்லின்.
• முனைவர் பட்டம்: வானியல், 1905. தொழில்: வானிலையியல். நிலவியலர் அல்லர், எதிர்ப்புக்கு ஒரு காரணம் இதுவும்.
• 1906: சகோதரர் குர்ட்டுடன் பலூனில் 52 மணி நேரத்துக்கு மேல் வானில், அக்காலச் சாதனை.
• மாமனார்: விளாதிமிர் கோப்பென். காலநிலை வகைப்பாட்டின் கோப்பென் இவரே. இருவரும் சேர்ந்து எழுதிய தொல்காலநிலை நூல் 1924.
• முதல் உரை: 6 ஜனவரி 1912, ஃபிராங்பர்ட்.
• நூல்: ‘கண்டங்கள், பெருங்கடல்களின் தோற்றம்’. மொழி ஜெர்மன். முதல் பதிப்பு 1915. அடுத்தவை 1920, 1922, 1929. ஆங்கில மொழிபெயர்ப்பு 1924.
• ஆண்டுக் குழப்பம் தவிர்க்க: உரை 1912, நூல் 1915, ஆங்கிலம் 1924.
• பாஞ்சியா: அனைத்து நிலம் என்று பொருள்; கிரேக்கம். பாந்தலாசா: பாஞ்சியாவைச் சூழ்ந்த ஒரே பெருங்கடல்.
• பாஞ்சியாவின் வடபகுதி லாரேசியா (அங்காரா நிலம்), தென்பகுதி கோண்டுவானா, இடையில் டெதிஸ்.
• கோண்டுவானா உறுப்புகள்: தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா. அரேபியாவும் இதில் அடக்கம். பல பட்டியல்களில் விடுபடும் பெயர்.
• இறப்பு: நவம்பர் 1930, கிரீன்லாந்து. உள்நாட்டுப் பனி நிலையமான ஐஸ்மிட்டேவிலிருந்து கிளம்பியது தம் 50-ஆவது பிறந்தநாளில். உடன் சென்றவர் கிரீன்லாந்தைச் சேர்ந்த ராஸ்மஸ் வில்லும்சென். 1931 மே மாதத்தில் வெக்னர் உடல் கண்டெடுப்பு. அதை முறையாகப் புதைத்து, பனிச்சறுக்குக் கட்டைகளை நட்டு அடையாளம் வைத்தவர் வில்லும்சென். அவர் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலான பாடநூல்களில் இல்லாத பெயர்; இருக்க வேண்டிய பெயர்.

சான்றுகள்

கொள்கையின் உயிர் இங்கே. விசையை விளக்க முடியாமல் தோற்ற வெக்னர், சான்றில் தோற்கவில்லை. வகுப்பிலும் இதே வரிசை: சான்று முதலில், விசை பிறகு.

• கரை பொருத்தம்: தென் அமெரிக்காவின் கிழக்குக் கரை, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை. பிரேசில் முனை கினியா வளைகுடாவுக்குள்.
• பொருந்துவது இன்றைய கடற்கரைக் கோடு அல்ல; கண்டச்சரிவின் விளிம்பு. கடல்மட்டம் மாறும், கரை அரிக்கப்படும், சரிவு நிலைக்கும். 1965-இல் எட்வர்ட் புல்லார்ட் குழு கணினி மூலம் சுமார் 900 மீட்டர் ஆழக் கோட்டில் பொருத்திக் காட்டியது.
• பாறைத் தொடர்ச்சி: அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலை, ஸ்காட்லாந்து–ஸ்காண்டிநேவியாவின் கலிடோனியன் மலை, ஒரே மலைத்தொடரின் துண்டுகள்.
• தங்கப் படிவு: கானா கரையில் வண்டல் தங்கம், எதிர்க்கரையான பிரேசிலில் தங்கம் தாங்கிய பாறை.
• பனியாற்றுப் படிவு: இந்தியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், ஃபாக்லாந்து, அண்டார்டிகா. இந்தியாவில் ஒடிசாவின் தால்ச்சேர். 1856-இல் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் கண்ட பாறாங்கல் படுகை. இன்று கொளுத்தும் தால்ச்சேர் அன்று பனிக்கடியில்.
• நிலக்கரி: அண்டார்டிகாவிலும் ஸ்வால்பார்டிலும். காடின்றி நிலக்கரி இல்லை. கடுங்குளிரில் அத்தகைய காடு இல்லை.

புதைபடிவங்கள் நான்கு

• குளோசாப்டெரிஸ்: விதையுள்ள தாவரம், பெரணி அல்ல, பெயர் மட்டுமே பெரணி. நாக்கு வடிவ இலை. பெர்மியன் காலம். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகிய ஐந்து நிலங்களிலும். இந்தியாவின் கோண்டுவானா நிலக்கரியின் தாய்.
• மீசோசாரஸ்: சிறிய ஊர்வன. பிரேசில், தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் மட்டும். அட்லாண்டிக்கை நீந்திக் கடக்கும் உடலமைப்பு இல்லை.
• சைனோகிநாதஸ்: தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா.
• லிஸ்ட்ரோசாரஸ்: ஆப்பிரிக்கா, இந்தியா (பஞ்செட் படுகை), அண்டார்டிகா. அண்டார்டிகாவில் 1969, எட்வின் கோல்பர்ட் குழு.
• ராபர்ட் ஸ்காட் குழு, 1912: தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பியர்ட்மோர் பனியாற்றருகே சேகரித்த கற்கள் சுமார் 16 கிலோ. உணவும் வலுவும் குறைந்த நிலையிலும் கற்களை வீசவில்லை. கூடாரத்தில் இறந்து கிடந்தவர்கள் அருகே அவை கிடைத்தன. உள்ளே குளோசாப்டெரிஸ். 1914-இல் இனங்கண்டவர் ஆல்பர்ட் சீவர்ட்.

ஏன் ஏற்கவில்லை

• வெக்னர் சொன்ன விசைகள் இரண்டு: துருவ விலகு விசை (புவிச் சுழற்சியால் கண்டங்கள் நடுக்கோட்டை நோக்கி), ஓத விசை (சூரியன், சந்திரன் ஈர்ப்பால் மேற்கு நோக்கி).
• இரண்டும் மிக நுண்ணிய விசைகள். கண்டத்தை அசைக்கப் போதா. கணக்கிட்டு மறுத்தவர் ஹெரால்டு ஜெஃப்ரீஸ், இங்கிலாந்து.
• வெக்னர் கணித்த கிரீன்லாந்தின் வேகம் ஆண்டுக்குப் பல மீட்டர். உண்மையில் சில சென்டிமீட்டர்.
• 1926, நியூயார்க் கருத்தரங்கம்: அமெரிக்க நிலவியலர்களின் கடும் எதிர்ப்பு.
• ஆதரவு: அலெக்சாண்டர் டு டாய்ட், தென்னாப்பிரிக்கா, ‘அலையும் நம் கண்டங்கள்’ என்ற பொருள் தரும் நூல், 1937. ஆர்தர் ஹோம்ஸ், இங்கிலாந்து. கவசத்தில் வெப்பச்சலன ஓட்டம், உரை 1928, அச்சு 1931.
• வினா: வெப்பச்சலனக் கருத்து யாருடையது? ஹோம்ஸ். வெக்னர் அல்ல, ஹெஸ் அல்ல.

உள்ளமைப்பு: எண்கள்

• சராசரி ஆரம் 6,371 கி.மீ. நடுக்கோட்டில் 6,378, துருவத்தில் 6,357.
• சராசரி அடர்த்தி 5.5 கிராம்/க.செ.மீ. மேற்பரப்புப் பாறை 2.7–3.0 மட்டுமே. உள்ளே கனமான பொருள் உண்டு என்பதற்கு முதல் சான்று இந்த வேறுபாடு. முதலில் துல்லியமாக அளந்தவர் ஹென்றி கேவண்டிஷ், 1798.
• மேலோடு: கண்டத்தில் சராசரி 35 கி.மீ., இமயம்–திபெத் அடியில் சுமார் 70, கடலடியில் 5–10. கன அளவில் 1 விழுக்காடு.
• கவசம், அதாவது மேன்டில்: 2,900 கி.மீ. ஆழம் வரை. கன அளவில் 84 விழுக்காடு, நிறையில் சுமார் 67.
• புவிக்கரு: கன அளவில் சுமார் 15 விழுக்காடு, நிறையில் சுமார் 32.
• வெளிக்கரு: 2,900–5,150 கி.மீ. திரவம். இரும்பு, நிக்கல், சில இலேசான தனிமங்கள். புவிக்காந்தப் புலத்தின் பிறப்பிடம்.
• உட்கரு: 5,150–6,371 கி.மீ. திண்மம். ஆரம் சுமார் 1,220 கி.மீ. வெப்பம் 5,000 டிகிரிக்கு மேல். மையத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 36 லட்சம் மடங்கு. அழுத்தம் உருகுநிலையை உயர்த்துவதால் திண்மம்.
• சியால்: சிலிக்கா, அலுமினியம், கண்ட மேலோடு. சிமா: சிலிக்கா, மக்னீசியம், கடல் மேலோடும் அதற்குக் கீழும். நைஃப்: நிக்கல், இரும்பு, கரு. பாகுபாடு எட்வர்ட் சூயஸ்.
• மேலோட்டுத் தனிமங்கள், எடை விழுக்காட்டில்: ஆக்சிஜன் 46.6, சிலிக்கான் 27.7, அலுமினியம் 8.1, இரும்பு 5.0, கால்சியம் 3.6. புவி முழுமைக்கும் கேட்டால் முதலிடம் இரும்பு. ‘மேலோட்டில்’ என்ற ஒரு சொல்லே விடையை மாற்றும்.
• புவியில் மிக அதிகமாக உள்ள கனிமம்: பிரிட்ஜ்மனைட். கீழ்க்கவசம். பெயரிட்டது 2014, ஆஸ்திரேலியாவில் 1879-இல் விழுந்த விண்கல்லில் கண்ட மாதிரியைக் கொண்டு.
• பாறைக்கோளம்: மேலோடு + மேல்கவசத்தின் கடின உச்சி, சுமார் 100 கி.மீ. மென்பாறைக் கோளம், அதாவது அஸ்தெனோஸ்பியர்: அதன் கீழ், மிகச் சிறிதளவே உருகிய, நெகிழும் அடுக்கு, பெயரிட்டவர் ஜோசப் பாரெல், 1914.
• மேலோடும் பாறைக்கோளமும் வேறு. முதலாவது வேதியியல் பிரிவு, இரண்டாவது கடினத்தன்மைப் பிரிவு.

எல்லைகள்

• கான்ராட்: மேல் மேலோடு, கீழ் மேலோடு இடையே.
• மோஹோ: மேலோடு, கவசம் இடையே. ஆந்திரிஜா மோஹோரோவிசிக், குரோவாசியா. 8 அக்டோபர் 1909, ஜாக்ரெப் அருகே நிலநடுக்கம்.
• கூட்டன்பர்க்: கவசம், வெளிக்கரு இடையே, 2,900 கி.மீ. பெனோ கூட்டன்பர்க், ஜெர்மனி.
• லேமன்: வெளிக்கரு, உட்கரு இடையே, 5,150 கி.மீ. இங்கெ லேமன், டென்மார்க், 1936. அடிப்படை: 1929 நியூசிலாந்து நிலநடுக்கப் பதிவுகள். கட்டுரைத் தலைப்பு ஒரே எழுத்தும் ஒரு குறியும். வாழ்நாள் 104 ஆண்டுகள் (1888–1993). புவியின் மையப் பகுதியைக் கண்டறிந்தவர் ஒரு பெண் என்பது வகுப்பில் தவறாமல் சொல்ல வேண்டிய செய்தி.

நிலநடுக்க அலைகள்

உள்ளமைப்பு அறிவில் பெரும்பகுதி இவற்றால்.

• முதன்மை அலை: நெட்டலை. திண்மம், திரவம், வாயு மூன்றிலும் செல்லும். முதலில் வரும்.
• இரண்டாம் நிலை அலை: குறுக்கலை. திண்மத்தில் மட்டும். வெளிக்கரு திரவம் என்பதற்குச் சான்று இதுவே.
• மேற்பரப்பு அலை: கடைசியில் வரும், அழிவு அதிகம்.
• நிழல் மண்டலம்: முதன்மை அலைக்கு 103°–142° (சில பாடநூல்களில் 105°–145°), இரண்டாம் நிலை அலைக்கு 103°-க்கு அப்பால் முழுவதும். எனவே பெரியது இரண்டாம் நிலை அலையின் நிழல் மண்டலம்.
• ரிச்சர்ட் ஓல்டாம்: இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். 12 ஜூன் 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். அதன் பதிவுகளில் மூவகை அலைகளையும் பிரித்து இனங்கண்டவர். 1906-இல் புவிக்கரு உண்டு என்பதற்கு முதல் அலைச் சான்று. கருவின் கண்டுபிடிப்பில் இந்திய மண்ணின் பங்கு இது.
• வெளிக்கரு திரவம் என நிறுவியவர்: ஹெரால்டு ஜெஃப்ரீஸ், 1926. கண்ட நகர்வை எதிர்த்த அதே ஜெஃப்ரீஸ்.
• வகுப்புச் செய்முறை: மாணவர் வரிசை, முன்னவர் தோளில் பின்னவர் கை. கடைசி மாணவரை முன்னோக்கித் தள்ளினால் தள்ளல் வரிசை முழுதும் போகும்: முதன்மை அலை. பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் போகும்: இரண்டாம் நிலை அலை. கைகளை எடுத்துவிட்டு, இடித்துக்கொள்ளும் நெருக்கத்தில் நிற்கவைத்தால் தள்ளல் போகும், ஆட்டம் போகாது: திரவம்.

துளைகள்

• கோலா ஆழ்துளை, ரஷ்யா: தொடக்கம் 1970, 12,262 மீட்டர், 1989. அடியில் வெப்பம் 180 டிகிரி. துளையின் விட்டம் 23 செ.மீ. மட்டுமே. புவி ஆரத்தில் 0.2 விழுக்காடு கூட இல்லை.
• மோஹோல் திட்டம், அமெரிக்கா: 1961, மெக்சிகோ அருகே கடலடி. மோஹோவைத் தொடும் நோக்கம். கடல்தரைக்குக் கீழ் 183 மீட்டர். 1966-இல் கைவிடல்.
• கோலார் தங்கவயல், கர்நாடகம்: சுமார் 3.2 கி.மீ. ஆழம், மூடல் 2001. தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகள் இறங்கிய ஆழம்.
• மேலோட்டில் வெப்ப உயர்வு: கி.மீ.க்கு 25–30 டிகிரி. இதே வீதம் மையம் வரை தொடராது. ஆழம் கூடக்கூட வீதம் குறையும்.

கரும்பலகை அளவு: 1 செ.மீ. = 100 கி.மீ.

பாடநூல் படங்களில் மேலோடு தடித்த வளையம். அச்சிட வேறு வழியில்லை. ஆனால் மாணவர் மனத்தில் பதிவது அந்தத் தடிப்பே. திருத்த ஒரு நூலும் சாக்கட்டியும் போதும். 64 செ.மீ. நூல், ஒரு முனை பலகை நடுவில், மறுமுனையில் சாக்கட்டி, ஒரு வட்டம்.

• புவி ஆரம்: 63.7 செ.மீ.
• உட்கரு வட்டத்தின் ஆரம்: 12.2 செ.மீ. கருவின் வெளிவிளிம்பு: 34.8 செ.மீ.
• பாறைக்கோளம்: 1 செ.மீ. ஏறக்குறைய சாக்கட்டியின் தடிமன்.
• கண்ட மேலோடு: 3.5 மி.மீ. வெளிவட்டமாக வரைந்த சாக்கட்டிக் கோடே மேலோடு. தனியாக வரைய இடமில்லை.
• கடல் மேலோடு: 0.7 மி.மீ. அந்தக் கோட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு.
• எவரெஸ்ட்: 0.9 மி.மீ. மரியானா அகழி: 1.1 மி.மீ. கோலா துளை: 1.2 மி.மீ. கோலார் சுரங்கம்: 0.3 மி.மீ.

உவமைகளும் அவற்றின் வரம்பும்

• அவித்த முட்டை: ஓடு மேலோடு, வெள்ளைக்கரு கவசம், மஞ்சள்கரு புவிக்கரு. தட்டி விரிசல் விடச் செய்தால் புவித்தட்டுகள். வரம்பு: முட்டையோடு, ஒப்பளவில், மேலோட்டைவிடத் தடிமன் கூடியது, மஞ்சள்கருவில் இரு பகுதி இல்லை.
• காய்ச்சும் பால்: அடியில் சூடாகிய பால் நடுவில் மேலெழும், ஓரத்தில் இறங்கும், ஆடை பிளந்து ஓரத்துக்கு ஒதுங்கிச் சுருங்கும். ஆடை தட்டு, சுருக்கம் மலை. வரம்பு: பால் திரவம், கவசம் திண்மம். இதைச் சொல்லாமல் விட்டால் பிழையே பாடமாகும்.
• பனியாறு: கவசத்துக்கு மிகச் சரியான உவமை. கையால் தட்டினால் கல். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் ஓட்டம்.
• கிழிந்த செய்தித்தாள்: வெக்னரே கையாண்டது. விளிம்பு பொருந்துவது மட்டும் போதாது, அச்சு வரிகளும் தொடர வேண்டும். விளிம்பு கடற்கரை, வரிகள் பாறை, புதைபடிவம், பனித்தடம். வகுப்பில் ஒரு பழைய நாளிதழ் போதும்.
• நகம்: தட்டின் வேகத்துக்கு. கைவிரல் நகம் ஆண்டுக்குச் சுமார் 4 செ.மீ.; தட்டுகள் 2 முதல் 15 செ.மீ.
• கணக்கு: இந்தியத் தட்டு ஆண்டுக்கு 5 செ.மீ. எனில், 14 வயது மாணவர் பிறந்தது முதல் நகர்ந்தது 70 செ.மீ.; வகுப்பறை மேசையின் உயரம்.
• கணக்கு: தென் அட்லாண்டிக்கின் அகலம் சுமார் 5,000 கி.மீ.; சராசரி 4 செ.மீ. எனில் 12.5 கோடி ஆண்டு. பாறைகள் சொல்லும் வயது சுமார் 13 கோடி. வகுத்தல் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவர் தானே கண்டுபிடிக்கக்கூடியது. சொல்லிக்கொடுப்பதைவிடக் கணக்கிடச் செய்வது மேல்.

மாணவர் தவறான கருத்துகள்

• ‘கவசம் உருகிய குழம்பு.’ – திண்மம். எரிமலைக் குழம்பு குறிப்பிட்ட இடங்களில் உருகிய சிறுபகுதி.
• ‘கண்டம் கடல்நீரில் மிதக்கிறது.’ – கடல் ஒரு பள்ளத்தில் நிற்கும் நீர். அதன் அடியிலும் மேலோடு.
• ‘ஒரு கண்டம், ஒரு தட்டு.’ – பசிபிக் தட்டு பெரும்பாலும் கடல்தரை.
• ‘நகர்வு முடிந்துவிட்டது.’ – 1980-களிலிருந்து நேரடி அளவீடு. முதலில் தொலைதூர விண்பொருள்களின் வானொலி அலைகளால், பிறகு செயற்கைக்கோள்களால்.

கடல்தரை தந்த விடை

• மேரி தார்ப், அமெரிக்கா: 1952-இல் நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் உச்சியில் பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டவர். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் ஏற்கவில்லை. நிலநடுக்க மையங்கள் அதே பள்ளத்தில் வரிசையாக விழுந்தபின் ஏற்பு. பெண் என்பதால் பல ஆண்டுகள் ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதியின்மை. பிறர் கொண்டுவந்த ஆழ அளவுகளைக் கொண்டே வரைந்தவர். உலகக் கடல்தரை வரைபடம் 1977.
• நடுக்கடல் மலைத்தொடர்களின் மொத்த நீளம்: சுமார் 65,000 கி.மீ. உலகின் மிக நீளமான மலைத்தொடர் ஆண்டிஸ் என்பது நிலத்தில் மட்டும்.
• ஹாரி ஹெஸ்: இரண்டாம் உலகப்போரில் கப்பல் தலைவர், ஒலிமானியால் கடலடித் தட்டையுச்சி மலைகளைக் கண்டு ‘கயாட்’ எனப் பெயரிட்டவர். கட்டுரை அச்சில் 1962. ‘கடல்தரை விரிவு’ என்ற சொல்லை உருவாக்கியவர் ராபர்ட் டீட்ஸ், 1961. கருத்து ஹெஸ், சொல் டீட்ஸ்.
• ஃபிரெடரிக் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ், 1963: கடல்தரையின் காந்தப் பட்டைகள். ஆய்வுக்களம் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர். அதே கருத்தைத் தனியே கண்டவர் கனடாவின் லாரன்ஸ் மோர்லி.
• காந்தத் திசைமாற்றம்: கடைசியாக சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பெயர்: புரூன்ஸ்–மட்டுயாமா.
• டூஸோ வில்சன், கனடா: பக்க நகர்வுப் பிளவு 1965, ஹவாய் வெப்பப் புள்ளி 1963.
• குளோமர் சேலஞ்சர் கப்பல், 1968 முதல்: துளையிட்டு எடுத்த மாதிரிகளில், மலைத்தொடரிலிருந்து விலக விலகக் கடல்தரையின் வயது கூடுதல்.
• திறந்த பெருங்கடல்களில் மிகப் பழைய கடல்தரை: சுமார் 18 கோடி ஆண்டு. மிகப் பழைய கண்டப் பாறை: கனடாவின் அகாஸ்டா, சுமார் 400 கோடி ஆண்டு. கடல்தரை பிறந்து அமிழ்ந்து அழிகிறது. கண்டம் மிதந்து நிலைக்கிறது.

தட்டுகள்

• பெரியவை 7: பசிபிக், வட அமெரிக்க, தென் அமெரிக்க, யுரேசிய, ஆப்பிரிக்க, இந்தோ–ஆஸ்திரேலிய, அண்டார்டிக். மிகப் பெரியது பசிபிக்.
• நாஸ்கா: தென் அமெரிக்காவுக்கும் பசிபிக் தட்டுக்கும் இடையே. கோகோஸ்: மத்திய அமெரிக்காவுக்கும் பசிபிக் தட்டுக்கும் இடையே.
• விலகும் எல்லை: நடு அட்லாண்டிக், செங்கடல். நிலத்தின் மேல் பார்க்க: ஐஸ்லாந்து, கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவு.
• இணையும் எல்லை: கடல்–கடல் (மரியானா), கடல்–கண்டம் (ஆண்டிஸ்), கண்டம்–கண்டம் (இமயம்).
• பக்க நகர்வு எல்லை: சான் ஆண்டிரியாஸ், கலிபோர்னியா. ஆக்கமும் இல்லை, அழிவும் இல்லை.
• வேகம் மிகுந்த விரிவு: கிழக்கு பசிபிக் மேடு, ஆண்டுக்கு 15 செ.மீ. அளவு.

லெமூரியா: தெளிவு தேவை

• பிலிப் ஸ்க்ளேட்டர், இங்கிலாந்து, விலங்கியலர். லெமூர்கள் மடகாஸ்கரில் மிகுதி. அவற்றின் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஏன்? விடையாக இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய ஒரு நிலம்: லெமூரியா.
• இந்திய உறவினம்: தேவாங்கு. இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயம்: கடவூர், கரூர்–திண்டுக்கல் மாவட்டங்கள், 2022.
• மறுப்பு வெக்னரின் நூலிலேயே உண்டு: கண்டம் இலேசான பாறை, கனத்த அடிப்பாறையில் மிதப்பது, மூழ்காது. எனவே மூழ்கிய பாலம் அல்ல, விலகிய நிலம்.
• தமிழ் மரபின் கடல்கொண்ட நிலம் வேறு, ஸ்க்ளேட்டரின் லெமூரியா வேறு. இரண்டும் ஒன்றாக்கப்பட்டது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின். சங்க மரபின் நினைவுக்கு மதிப்பு இலக்கியத்தில். புவியியல் வினாவில் ‘லெமூரியா’ கைவிடப்பட்ட கருதுகோள். இரண்டையும் மதிக்க, இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்.

இந்தியத் தட்டு

• அண்டார்டிகாவிலிருந்து பிரிவு: சுமார் 13 கோடி ஆண்டு முன். காவிரிப் படுகை இப்பிரிவின் பிளவில் உருவானது.
• மடகாஸ்கரிலிருந்து பிரிவு: சுமார் 9 கோடி.
• தக்காண எரிமலைப் பாறை: சுமார் 6.6 கோடி, ரீயூனியன் வெப்பப் புள்ளியின் மேல் கடந்தபோது.
• உச்ச வேகம்: ஆண்டுக்கு 15 செ.மீ.க்கு மேல். மோதல்: சுமார் 5 கோடி. மோதலுக்குப் பின் சுமார் 5 செ.மீ.
• எவரெஸ்ட் உச்சிப் பாறை: கடலடிச் சுண்ணாம்புக்கல்.
• பாரதி ஆய்வு நிலையம், 2012, லார்ஸ்மன் குன்றுகள்: இந்தியக் கிழக்குக் கரையோடு ஒட்டியிருந்த அண்டார்டிகப் பகுதி.
• சாத்தனூர் கல்மரம், பெரம்பலூர்: 18 மீட்டர் நீளம்; கிரீட்டேசியக் கடற்படிவில் புதைந்த அடிமரம். 1940-இல் பதிவு செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன்; இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர்.
• சார்னோக்கைட்: பரங்கிமலை, பல்லாவரம் பாறை. பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்ட். இதே வகைப் பாறைகள் இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகாவிலும். ஒட்டியிருந்த நிலத்தின் அச்சு வரிகள். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் சின்னம்.
• பெயர்க் காரணம்: ஜாப் சார்னோக், கல்கத்தாவின் ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவியவர். கல்கத்தா புனித யோவான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறைக் கல் இந்தப் பாறை, சென்னையிலிருந்து சென்றது.